எழுதிய சுரமும் ஒலிக்கும் சுரமும்: ஊவா மலையிசையிலிருந்து கணினித் திரை வரை ஒரு வழக்கின் வரலாறு

சுரக்குறிப்பு எழுதும் மென்பொருளில் கிளாரினெட், சாக்ஸபோன், ஹார்ன் போன்ற கருவிகளுக்கு ஒரு பகுதியை எழுதி ஒலிக்கவிடும்போது, எழுதிய சுரம் ஒன்றாகவும் கேட்கும் சுரம் வேறாகவும் இருப்பதைப் பெரும்பாலானோர் மென்பொருளின் பழுதாகவே கொள்கின்றனர். உண்மையில் அவற்றுட் பெரும்பகுதி பழுதல்ல. காகிதத்தில் எழுதப்படுவது ஒலியன்று, கருவியின் மீது விரல் வைக்கும் இடமே என்று ஐரோப்பிய வாத்தியக்காரர்களிடையே இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலவிவரும் ஓர் உடன்பாடு, கணினிக்குள்ளும் அப்படியே குடியேறியிருப்பதன் விளைவு அது. இவ்வாறு எழுதியதிலிருந்து பெயர்ந்து ஒலிக்கும் கருவிகளை இக்கட்டுரை பெயர்ப்புக் கருவிகள் என்று வழங்குகிறது. இந்த உடன்பாட்டைப் புரிந்துகொள்வதில் ஐரோப்பிய மாணவரைவிடத் தமிழிசை கேட்டு வளர்ந்தவர்க்குத்தான் தடை குறைவு. ஏனெனில் சட்சமத்துக்கு நிலையான சுருதி எதுவும் இல்லை என்பதே தமிழ் மரபின் தொடக்கப் பாடம்.

பேராதனையிலிருந்து பதுளை வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் ஏ5 நெடுஞ்சாலையில், பசறைக்கும் பிபிலைக்கும் இடையில் அமைந்துள்ள லுணுகலையும், அதைச் சூழ்ந்த ஹொப்டன், அடாவத்தை முதலிய தோட்டங்களும் இவ்வழக்கை ஆராய்வதற்கு முதற்பார்வையில் பொருந்தாத இடமாகத் தோன்றலாம். ஆனால் கோப்பிப் பயிரை இலைத்துரு நோய் அழித்த பின் தேயிலைக்கு மாறிய ஊவா மலைகளில், கங்காணிகளின் கீழ்த் தமிழகத்திலிருந்து வந்து லயன்களில் குடியேறிய மக்கள் கொண்டுவந்த இசை, எழுதப்பட்ட சுருதி எதுவுமின்றியே தலைமுறைகளைக் கடந்து வந்தது. விடியலில் தொழிலாளரைப் பெரட்டுக்களத்துக்கு அழைத்த பெரட்டுத் தப்பும், இறப்புக்கும் விழாவுக்கும் வெவ்வேறாக அடிக்கப்பட்ட தப்பும், மாசி மாதத்துக் காமன் கூத்தில் தப்போடு சேரும் உறுமியும், தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஒலிக்கும் நாதஸ்வரமும் தவிலும் ஒரே மலைச்சரிவில் கேட்டவை. அதே மாகாணத்தில், பதுளை முத்தியங்கன விகாரையின் பெரஹராவில் ஒலிக்கும் ஹொரணை என்ற சிங்கள மரபின் சீவாளிக் கருவி நாதஸ்வரத்துக்கு உறவினதே எனினும், அளவிற் சிறியதாகவும் சுருதியில் உயர்ந்ததாகவும் இருப்பது. இவற்றுள் எதுவும் இன்ன அதிர்வெண்ணில்தான் தொடங்க வேண்டும் என்ற ஆணைக்கு உட்பட்டதில்லை. காமன் கூத்தைப் பாடுவோர் தம் தொண்டைக்கு இசைந்த இடத்தில் பாட்டை எடுத்தனர்; கைப்பிரதிகளில் சொற்களை மட்டும் எழுதிவைத்தனர். சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) போன்றோர் தொகுத்த மலையக நாட்டார் பாடல்களும் பெரும்பாலும் சொற்களாகவே அச்சேறின. ஆகவே இன்று இவற்றைக் கணினியில் சுரக்குறிப்பாக்க முனைபவர், எந்தச் சுரத்தை எந்த இடத்தில் எழுதுவது என்ற முடிவை முதன்முறையாகத் தாமே எடுக்க வேண்டியவராகிறார்.

ஐரோப்பாவில் இம்முடிவு வேறொரு நெருக்கடியிலிருந்து பிறந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் ஹார்ன் என்ற ஊதுகொம்பில் அடைப்பிதழ்கள் கிடையா; குழாயின் நீளம் தரும் இயற்கைச் சுரங்களை மட்டுமே அது ஒலிக்கும். பாட்டின் சுருதி மாறும்போதெல்லாம் வாத்தியக்காரர் வளைகுழாய் ஒன்றைக் கழற்றி வேறு நீளமுள்ளதைப் பொருத்தினார். குழாய் மாறினாலும் உதடும் மூச்சும் செய்யும் வேலை மாறாததால், எல்லாப் பகுதிகளையும் சி என்ற சுரத்தை அடிப்படையாகக் கொண்டே எழுதி, எந்த வளைகுழாயைப் பொருத்த வேண்டும் என்பதைப் பக்கத்தின் தலையில் குறித்துவிட்டனர். டி வளைகுழாய் என்று குறித்திருந்தால் எழுதிய சி, டி-யாக ஒலித்தது. கிளாரினெட்டில் காரணம் சற்று வேறு: பல சாவிகள் கொண்ட கருவிகள் வருவதற்கு முன், சில சுருதிகளில் விரல் ஓடுவது கடினமாக இருந்ததால் சி, பி-ஃப்ளாட், ஏ என மூன்று நீளங்களில் கருவிகளைச் செய்து, பாட்டுக்கேற்ற கருவியை எடுத்தனர். 1791-இல் மொசார்ட் எழுதிய கிளாரினெட் கொன்சேர்ட்டோ ஏ கருவிக்கு உரியது. மூன்று கருவிகளுக்கும் ஒரே விரலமைப்பு இருந்தால்தான் ஒரே ஆள் மூன்றையும் ஊத முடியும். அதற்கு, எழுதிய சுரம் விரலைக் காட்ட வேண்டுமே தவிர ஒலியைக் காட்டக் கூடாது. அடோல்ஃப் சாக்ஸ் 1846-இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற சாக்ஸபோன் குடும்பம் இந்தத் தர்க்கத்தைத் தொழிற்சாலை ஒழுங்காக்கியது: பி-ஃப்ளாட், ஈ-ஃப்ளாட் என மாறிமாறி அமைந்த கருவிகள் அனைத்துக்கும் ஒரே விரல், ஒரே எழுத்து. பிரித்தானியப் பித்தளை வாத்தியக் குழுக்கள் இதைவிடத் தூரம் சென்று, அடிக்குரல் ட்யூபாவுக்குக்கூட உச்சக்குரலுக்குரிய குறிமுறையிலேயே எழுதின; குழுவில் ஓர் ஆள் குறைந்தால் இன்னொருவர் அவர் கருவியை எடுத்து ஊதிவிடலாம் என்ற வசதிக்காக.

இந்த ஒழுங்கு எப்போதும் நேர்கோட்டில் சென்றதாகக் கொள்ள முடியாது. பழைய அச்சுகளில் எஃப் ஹார்னின் பகுதி உச்சக்குரல் குறியில் இருந்தால் ஐந்து சுரம் கீழாகவும், அடிக்குரல் குறிக்கு மாறியவுடன் நான்கு சுரம் மேலாகவும் ஒலிக்க வேண்டும் என்ற விசித்திர வழக்கு நிலவியது. அவ்வாறான பக்கங்களைப் பார்த்து இன்று கணினியில் எழுதுவோர், சில அடிகள் மட்டும் ஒரு ஸ்தாயி கீழே போய் ஒலிப்பதைக் கண்டு திகைப்பதுண்டு.

தமிழகத்துக்கு இக்கருவிகள் வந்த வழி அரண்மனையும் கோட்டையும் ஆகும். தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜியின் அவையில் மேலைத்தேய வாத்தியக் குழு இருந்தது. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) ஆங்கிலேயப் பாண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருத வரிகளை அமைத்து நோட்டுசுர சாகித்தியங்களை ஆக்கினார். அவை யாவும் சங்கராபரணச் சுரங்களில் அமைந்தவை. அந்தப் பாண்டின் கிளாரினெட் பி-ஃப்ளாட்டில் ஒலித்ததா சி-யில் ஒலித்ததா என்பது தீட்சிதருக்குப் பொருட்டாகியிருக்க நியாயமில்லை. அவர் காதில் விழுந்தது சட்சமத்திலிருந்து எழும் உறவுகளே. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கிளாரினெட் சதிர்க் கச்சேரியின் பக்க வாத்தியமாகி முகவீணையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தஞ்சை மகாதேவ நட்டுவனாரே அதைப் புகுத்தினார் என்பது மரபுவழிச் செய்தி. இருபதாம் நூற்றாண்டில் ஏ.கே.சி. நடராஜன் அதைத் தனிக்கச்சேரிக் கருவியாக்கினார். கத்ரி கோபால்நாத் (1949–2019) ஈ-ஃப்ளாட் ஆல்ட்டோ சாக்ஸபோனைக் கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்தார். இவர்கள் கையில் பெயர்ப்புக் கருவி என்ற ஐரோப்பியத் தொல்லை மறைந்தே போயிற்று. காகிதமே இல்லாத இடத்தில் எழுதிய சுரத்துக்கும் ஒலிக்கும் சுரத்துக்கும் இடையே முரண்பாடு எழ வழியில்லை.

தமிழ் வாத்தியக்காரர் சுருதியை எண்ணாகச் சொல்வதற்குக் கைக்கொண்ட கட்டை முறையும் ஐரோப்பியக் கருவியொன்றின் வழி வந்ததே. அலெக்சாந்தர் தெபேன் 1842-இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற ஹார்மோனியம், கையால் துருத்தியை இயக்கும் பெட்டியாகச் சிறுத்து இந்தியா எங்கும் பரவியபோது, அதன் வெள்ளைக் கட்டைகள் சி-யிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணப்பட்டன. கறுப்புக் கட்டைகள் அரைகளாயின. எனவே டி இரண்டு கட்டை, ஈ-ஃப்ளாட் இரண்டரை, எஃப் நான்கு, ஜி ஐந்து, பி-ஃப்ளாட் ஆறரை. ஈ-க்கும் எஃப்-க்கும் இடையே கறுப்புக் கட்டை இல்லாததால் மூன்றரைக் கட்டை என்பது கிடையாது. அதை யாரேனும் சொன்னால் அவர் பெட்டியைப் பார்த்ததில்லை என்றே கருதலாம். இம்முறையில் ஒரு குறையும் உண்டு. கட்டை எண் சுருதியின் இடத்தைச் சொல்கிறதே ஒழிய ஸ்தாயியைச் சொல்வதில்லை. ஒரு கட்டையில் பாடும் ஆணும் ஒரு கட்டையில் சுருதி சேர்க்கும் வாத்தியமும் வெவ்வேறு ஸ்தாயிகளில் இருக்கலாம். கேட்பவர் காது அதைத் தானே சரிசெய்துகொள்ளும், கணினி செய்துகொள்ளாது.

நாதஸ்வரத்தின் வரலாற்றிலும் பெயர்ப்பு மறைந்து கிடக்கிறது. நீளம் குறைந்து உரத்து ஒலித்த திமிரி நாதஸ்வரம் நான்கு, ஐந்து கட்டைச் சுருதியில் ஒலித்தது, டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நீண்ட பாரி நாதஸ்வரத்தை நிலைபெறச் செய்த பின் இரண்டு, இரண்டரைக் கட்டை வழக்காயிற்று. நரசிங்கம்பேட்டையில் ஆச்சாமரத்தைக் கடைந்து அக்கருவியைச் செம்மைப்படுத்திய ரங்கநாதன் ஆசாரியின் பணி இம்மாற்றத்தோடு பிணைந்தது; அவ்வூர் நாதஸ்வரம் 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது. திமிரியிலிருந்து பாரிக்கு மாறிய வித்துவான் விரல்களைப் புதிதாகப் பழக்கவில்லை, சட்சமத்தின் துளை எது என்பதையும் மாற்றவில்லை. ஒலி மட்டும் இறங்கியது. யாழ்ப்பாணத்து அளவெட்டியின் என்.கே. பத்மநாதன் (1931–2003) போன்றோர் வழி இலங்கையில் தழைத்த மேள மரபும் இதே அடிப்படையிலேயே நின்றது. மூன்று நீளக் கிளாரினெட்டுகளுக்கு ஒரே எழுத்து என்ற ஐரோப்பிய ஏற்பாட்டுக்கும் இதற்கும் கோட்பாட்டளவில் வேறுபாடு இல்லை.

இரு மரபுகளும் காகிதத்தில் சந்தித்தபோதுதான் சிக்கல் எழுந்தது. சென்னையில் ஏ.எம். சின்னசாமி முதலியார் 1890-களில் கர்நாடக உருப்படிகளை ஐங்கோட்டு முறையில், அதாவது ஐந்து கோடுகளின் மீது புள்ளிகளை வைத்து எழுதும் ஐரோப்பிய முறையில், அச்சிட முனைந்தார். அவருடைய ஊக்கத்தையும் பெற்று எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி, மாறாகச் சுர எழுத்துகளையும் கமகக் குறிகளையும் கைக்கொண்டது. சுர எழுத்துக்குச் சுருதி இல்லை; ஐங்கோட்டுப் புள்ளிக்கோ சுருதி உண்டு. இலங்கையின் சாதாரணதரப் பாடத்திட்டத்தில் கர்நாடக சங்கீதமும் மேலைத்தேய சங்கீதமும் தனித்தனிப் பாடங்களாகவே நிற்பதால், இவ்விரு எழுத்துகளையும் பொருத்திப் பார்க்கும் பயிற்சி மாணவர்க்கு இயல்பாகக் கிட்டுவதில்லை.

கணினியின் பங்கு 1983-இல் மிடி என்ற பொது ஏற்பாட்டோடு தொடங்குகிறது. மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான அந்த ஏற்பாடு, எந்தச் சாவி எப்போது அழுத்தப்பட்டது என்பதை எண்ணால் பதிவுசெய்தது. அந்த எண் எப்போதும் ஒலிக்கும் சுரத்தையே குறித்தது. காகிதமோ விரலையே குறித்து வந்தது. 1988-இல் வெளிவந்த ஃபினாலே, 1993-இல் பிரித்தானியாவில் எழுந்த சிபேலியஸ், 2002-இல் தொடங்கப்பட்ட கட்டற்ற மென்பொருளான மியூஸ்ஸ்கோர் ஆகிய அனைத்தும் இவ்விரண்டுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர்ப்பு அளவு பின்னணியில் வைக்கப்பட்டு, திரையில் காட்டும்போது எழுதிய சுரமாகவும் ஒலிக்கும்போது கேட்கும் சுரமாகவும் மாற்றப்பட்டது. இவற்றோடு கன்சேர்ட் பிட்ச் என்ற ஒரு பொத்தானும் வந்தது. அதை அழுத்தினால் எல்லாக் கருவிகளும் தாம் ஒலிக்கும் சுரத்திலேயே திரையில் தோன்றும்.

அந்தப் பொத்தான் ஒலியை ஒருபோதும் மாற்றுவதில்லை, பார்வையை மட்டுமே மாற்றுகிறது என்பதை அறியாமையே பெரும்பாலான குழப்பங்களின் வேர். தவறாக ஒலிப்பதாகக் கருதப்படும் பகுதியில் ஒரே ஒரு சட்சமத்தை மட்டும் வைத்து, பொத்தானை மாற்றிமாற்றிக் கேட்டால் நோயின் இடம் தெரிந்துவிடும். புள்ளி நகர்ந்து ஒலி நகராமல், அந்த ஒலி உண்மையான கருவி தரக்கூடியதாகவே இருந்தால், மென்பொருள் சரியாக இயங்குகிறது; எழுதியவர் பொத்தானின் ஒரு நிலையில் எழுத வேண்டியதை மறுநிலையில் எழுதிவிட்டார். புள்ளியே நகராவிட்டால் அக்கருவிக்குப் பெயர்ப்பு அளவு தரப்படவில்லை. வரியின் தலையிலுள்ள பியானோ என்ற பெயரை அழித்துக் கிளாரினெட் என்று தட்டெழுதியோர் இவ்வகையில் அகப்படுகின்றனர். பெயர்ப்பலகை மாறியதே அன்றிக் கருவி மாறவில்லை.

பிழையின் அளவைச் சுரத்தானங்களாகக் கேட்பது தமிழ்க் காதுக்கு எளிது என்பதால், அதையே நோயறியும் வழியாக்கலாம். சி-யில் சட்சமம் எழுதி, சி-யில் தம்புரா ஒலிக்கவிட்டு, அச்சட்சமம் கைசிகி நிஷாதத்தில் விழுந்தால் பி-ஃப்ளாட் கருவியின் பெயர்ப்பு ஒருமுறை நிகழ்ந்திருக்கிறது. சாதாரண காந்தாரத்தில் விழுந்தால் ஈ-ஃப்ளாட் கருவி. சுத்த மத்திமத்தில் விழுந்தால் எஃப் ஹார்ன். இவை மூன்றும் இயல்பானவை; தம்புராவின் கட்டையை மாற்றுவதா, எழுத்தை மாற்றுவதா என்பது மட்டுமே முடிவுசெய்ய வேண்டியது. ஆனால் சட்சமம் சுத்த தைவதத்தில் கேட்டால் பி-ஃப்ளாட் பெயர்ப்பு இருமுறை நிகழ்ந்திருக்கிறது என்றும், பிரதி மத்திமத்தில் கேட்டால் ஈ-ஃப்ளாட் பெயர்ப்பு இருமுறை நிகழ்ந்திருக்கிறது என்றும் கொள்ள வேண்டும். இந்த இரட்டைப் பெயர்ப்பே எல்லாவற்றிலும் தீங்கானது: கிளாரினெட் வாசிப்பவரின் அச்சுத் தாளைப் பார்த்துக் கன்சேர்ட் பிட்ச் நிலையில் தட்டெழுதுவதும், ஒலி தாழ்வாகக் கேட்கிறதென்று எல்லாச் சுரங்களையும் ஒரு முழுச்சுரம் ஏற்றிவிடுவதும், திரையில் காதுக்கு இனிமையாக முடிந்து, அச்சிட்ட தாளை வாத்தியக்காரர் கையில் கொடுத்த பின்னரே வெளிப்படும்.

சட்சமம் சட்சமமாகவே இருந்து மேலோ கீழோ போய் நின்றால் பிழை ஸ்தாயியில். கிதாரும் டபிள் பாஸும் எழுதியதைவிட ஒரு ஸ்தாயி கீழாகவும் பிக்கலோ ஒரு ஸ்தாயி மேலாகவும் ஒலிப்பவை. சில ஒலித்தொகுப்புகள் அந்த இறக்கத்தை ஏற்கெனவே உள்ளடக்கியிருப்பதால் மென்பொருள் மறுமுறை இறக்கிவிடுகிறது. இரண்டரைக் கட்டை நாதஸ்வரத்துக்கு ஈ-ஃப்ளாட் ஆல்ட்டோ சாக்ஸபோனைப் பதிலாக வைப்போர்க்கும் ஸ்தாயிப் பிழையே நேர்கிறது. கட்டை பொருந்தும், ஆயினும் சாக்ஸபோன் மேலே மூன்று அரைச்சுரம் ஏறாமல் கீழே ஒன்பது அரைச்சுரம் இறங்குவதால், நடு சி-யில் எழுதிய சட்சமம் எதிர்பார்த்ததைவிட ஒரு ஸ்தாயி தாழ்ந்து ஒலிக்கும். 1991-இன் ஜெனரல் மிடி பட்டியலிலுள்ள 128 ஒலிகளில் நாதஸ்வரம் இல்லை. 112-ஆம் எண்ணிலுள்ள ஷெனாயே அதற்கு மிக நெருங்கியது. அதைத் தெரிந்துகொண்டு, பெயர்ப்பு அளவைத் தாமே மூன்று அரைச்சுரம் மேல் என்று அமைத்தால், சட்சமத்தை என்றும் சி-யில் எழுதும் வசதியும் இரண்டரைக் கட்டை ஒலியும் ஒருங்கே கிட்டும். பாரிக்குப் பதில் திமிரிக்கு அதே உருப்படியை ஒலிக்கவிட எண்ணை மட்டும் மாற்றினால் போதும்.

அரைச்சுரத்துக்கும் குறைந்த பிழை வேறு வகை. பிரித்தானிய இராணுவ வாத்தியக் குழுக்கள் 1920-களின் இறுதி வரை ஏ சுரத்தை ஏறத்தாழ 452 அதிர்வெண்ணில் வைத்திருந்தன. 1939-இல் லண்டனில் கூடிய மாநாடு அதை 440 என்று பரிந்துரைத்தது. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி அரைச்சுரத்தில் பாதி. பழைய உயர்சுருதிக் கருவியோடு கணினியைச் சேர்த்து வாசிப்போர் பெயர்ப்பு அளவை எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை. மென்பொருளின் அடிப்படைச் சுருதி எண்ணையே உயர்த்த வேண்டும்.

தப்பின் நிலைமை தனியானது. ஜெனரல் மிடியில் பத்தாம் தடம் தாளக் கருவிகளுக்கு ஒதுக்கப்பட்டு, 35 முதல் 81 வரையான 47 சாவிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முழவொலி பொருத்தப்பட்டது. அவற்றுள் தப்போ உறுமியோ தவிலோ இல்லை. தப்பின் அடிகளைச் சாதாரண ஐங்கோட்டு வரியில் எழுதினால் அவை பியானோச் சுரங்களாக ஒலிக்கும்; தாள வரியில் எழுதினால் கோட்டுக்குக் கோடு வேறொரு நாட்டு முழவு கேட்கும். இது பெயர்ப்பு அன்று, பொருத்தமின்மை. எந்தக் கோட்டுக்கு எந்த ஒலி என்ற அட்டவணையை எழுதுவோரே அமைத்து, தப்பொலியின் பதிவை அதில் இணைக்காத வரை தீராது. தோலை நெருப்பில் காய்ச்சி விறைப்பேற்றும் கருவிக்கு வாசிப்பினூடே சுருதி தளர்வதும் இயல்பென்பதால், ஒரே எண்ணில் அடங்கிய தப்பு என்றுமே அரைத்தப்பாகத்தான் ஒலிக்கும்.

எழுதியவற்றை எவ்வடிவில் சேமிப்பது என்பதும் இவ்வழக்கின் தொடர்ச்சியே. மிடி கோப்பு ஒலித்த சுரத்தை மட்டும் வைத்துக்கொண்டு எழுதியதை மறந்துவிடுகிறது. மைக்கேல் குட் வடிவமைத்து 2004-இல் முதற்பதிப்பாக வந்த மியூசிக்எக்ஸ்எம்எல், எழுதிய சுரத்தையும், அது எத்தனை அரைச்சுரம், எத்தனை ஸ்தாயி பெயர வேண்டும் என்பதையும் தனித்தனியே குறித்துவைக்கிறது. 2024 ஆகஸ்டில் ஃபினாலேயின் வளர்ச்சி நிறுத்தப்படுவதாக அதன் நிறுவனம் அறிவித்தபோது, மியூசிக்எக்ஸ்எம்எல் வடிவில் தம் பகுதிகளை வெளியேற்றியோர் கிளாரினெட்டைக் கிளாரினெட்டாகவே வேறு மென்பொருளுக்குக் கொண்டுசென்றனர். மிடி கோப்பை மட்டும் வைத்திருந்தோர் ஒவ்வொரு வரிக்கும் கருவியின் பெயர்ப்பை மீண்டும் ஊகித்து அமைக்க வேண்டியதாயிற்று. ஊவாத் தோட்டங்களின் காமன் கூத்துப் பாட்டையோ கோயில் மேளத்தையோ எழுதுவோர் அந்தக் கோப்போடு கட்டை எண்ணையும் ஸ்தாயியையும் அடிப்படைச் சுருதியின் அதிர்வெண்ணையும் ஒரு வரியில் குறித்துவைத்தால், அதை அடுத்துத் திறப்பவர் ஊகிக்க வேண்டியதில்லை.